தொற்றுக் காலத்தில் தூக்கம் போனால்: எந்த நேரத்தில் கெடுகிறது என்று முதலில் பாருங்கள்

2021 மே மாதம், கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, மணி இரண்டே முக்கால் இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 97. கழற்றி இன்னொரு கையில் மாட்டினேன். 96. நெஞ்சு திக்கென்றது, அதற்குள் ஒன்று குறைந்துவிட்டதே! மூன்றாவது தடவை மாட்டும்போது மனைவி புரண்டு படுத்து, "என்னங்க, அதை மாட்டிக்கிட்டேதான் தூங்கப் போறீங்களா?" என்றாள். எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று வந்து நாலு நாள் ஆகியிருந்தது. தூக்கம் மட்டும்தான் இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு நாள் கொரோனா தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய மாதம் அது. கோவிட்டுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்து வாங்கக் கீழ்ப்பாக்கத்தில் வரிசை, அப்புறம் நேரு ஸ்டேடியத்தில் வரிசை, சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. இதையெல்லாம் பகல் முழுக்கப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. 'கொரோனாசோம்னியா' என்று இதற்கு ஒரு பெயர்கூட வைத்தார்கள். அதிசயம் என்னவென்றால், அலை ஓய்ந்து, ஊர் திறந்து, தடுப்பூசியும் போட்டு முடித்த பிறகும் செப்டம்பர் வரை எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதுதான். ஏன் என்று புரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. கெடுத்தது கொரோனா, கெட்டதைச் சரியாக விடாமல் பிடித்து வைத்திருந்தது நான்.

நான் மருத்துவன் இல்லை, ஒரு கம்பெனியில் ஐடி சப்போர்ட். "சிஸ்டம் வேலை செய்யல" என்று போன் வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, ஆன் ஆகவே இல்லையா, ஆகி நடுவில் நிற்கிறதா, ஓடுகிறது ஆனால் மெதுவாகவா என்பது. "தூக்கமே இல்ல" என்பதும் அதே மாதிரி ஒரு பொத்தாம்பொதுப் புகார்தான், உள்ளே ஏழெட்டு வேறு வேறு கோளாறுகள் இருக்கும், ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். நான் போய்ப் பார்த்த மனநல மருத்துவர் சொன்னது, அப்புறம் தேடிப் படித்தது, என் மேலேயே சோதித்துப் பார்த்தது எல்லாம் சேர்ந்தது கீழே இருப்பது. கோவிட்டை வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் டெங்குவோ ஃப்ளூவோ தெருவில் நாலு வீட்டில் படுக்கப் போட்டிருக்கும்போதும் பெரும்பாலும் இதேதான்.

முதல் சோதனை: இது தூக்கக் கோளாறுதானா?

நோய் ஊரில் இருக்கும்போது தூக்கம் கெட்டால், நோய் உடம்பில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தேவலை என்றால் அது தூக்கப் பிரச்சினை இல்லை, நுரையீரலையோ இதயத்தையோ பார்க்க வேண்டிய விஷயம். ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆக்சிமீட்டரை எப்படி வைத்துப் பார்ப்பது என்பதிலேயே பாதிப் பயம் போய்விடும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். 97க்கும் 96க்கும் வித்தியாசம் கிடையாது, கருவியின் பிசகே ஒன்றிரண்டு எண் வரும். கறுத்த தோலில் அது கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் மூச்சுத் திணறல் நிஜமாகவே இருந்தால் எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. நோய் உள்ளவர் பகலில் மூன்று நான்கு தடவை பார்த்துக் குறித்து வைத்தால் போதும். நோய் இல்லாதவர் ராத்திரியில் பார்க்கவே தேவையில்லை (எனக்கு நானே சொல்லிக்கொண்டது).

எங்கள் பெரியப்பா கதையைச் சொல்லியாக வேண்டும். வயது 74. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பையை எடுடா" என்கிறார். பகலெல்லாம் கண் சொக்கிக் கிடக்கிறார். வீட்டில் எல்லாரும் தூக்கம் இல்லாமல் உளறுகிறார் என்றே நினைத்தோம், பக்கத்து வீட்டிலிருந்து தூக்க மாத்திரைகூட ஒன்று வாங்கி வந்தாகிவிட்டது. கொடுப்பதற்கு முன் அக்கா விரலில் மாட்டிப் பார்த்தாள், 88. அன்று அந்த மாத்திரை உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்கும். வயதானவருக்குத் திடீரென்று இரவு பகல் மாறி, ஆள் அடையாளம் குழம்பினால் அது மூளைக்கு ஆக்சிஜனோ உப்போ சர்க்கரையோ சரியில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, மருந்து. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளின் உயிரை டெக்சாமெத்தசோன் காப்பாற்றுகிறது என்று காட்டியது. அப்புறம் தேவைப்படாதவர்களும் வீட்டில் விழுங்க ஆரம்பித்தார்கள். அது ஸ்டீராய்டு, ஆளை முழித்திருக்க வைக்கும், சர்க்கரையையும் ஏற்றும், சர்க்கரை ஏறினால் ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போக வைக்கும். ஸ்டீராய்டு ஆரம்பித்த அன்றிலிருந்துதான் தூக்கம் போனது என்றால் காலையில் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இது எதுவும் இல்லை என்றால், சரி, தூக்கத்துக்கு வருவோம்.

"படுத்தா ஒரு மணி நேரம் ஆனாலும் கண் மூட மாட்டேங்குது"

அதிகம் பேருக்கு வருவது இதுதான், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஊரடங்கில் நான் செய்தது இது. அறை ஒன்று, மேசை கிடையாது, அதனால் கட்டில்தான் ஆபீஸ். தலையணை மேல் லேப்டாப், அதே கட்டிலில் சாப்பாடு, அதே கட்டிலில் டிவி செய்தி, மாலையானால் அன்றைய எண்ணிக்கை, மாவட்டவாரியாக. ராத்திரி தூக்கம் வரவில்லை என்றதும் மறுநாள் எட்டரைக்கே போய்ப் படுத்தேன், சீக்கிரம் படுத்தால் எப்போதாவது வரும் என்று. பன்னிரண்டு வரை புரண்டேன். மதியம் சாப்பிட்டதும் ஈடுகட்ட ஒன்றரை மணி நேரம். ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவன் எட்டுக்கு எழுந்தேன். பார்த்தால் எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். அங்கேதான் தப்பு.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதைப் பிரித்துச் சொன்னார். சிலருக்கு இயல்பிலேயே லேசான தூக்கம், அது ஒன்று. நோய், சாவு, வேலை போவது மாதிரி ஒன்று வந்து தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது. கெட்ட தூக்கத்தை ஈடுகட்ட நாம் செய்கிற வேலைகள் மூன்றாவது. இரண்டாவது போன பிறகும் மூன்றாவது தங்கிவிடும், வெள்ளம் வடிந்த பிறகும் வீட்டுக்குள் நிற்கிற சேறு மாதிரி.

கட்டில் என்றால் கவலைப்படுகிற இடம் என்று உடம்பு பழகிவிடுகிறது. சோபாவில் செய்தி பார்க்கும்போது கண் சொக்கியவர் கட்டிலுக்குப் போனதும் பளிச்சென்று முழிப்பது இதனால்தான். இதை உடைக்க ரிச்சர்ட் பூட்சின் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர் 1972இல் சொன்ன வழிதான் இன்றைக்கும் முதல் வழி. கண் சொக்கினால் மட்டும் படுங்கள், அசதிக்கும் சொக்குவதற்கும் வித்தியாசம் உண்டு. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லை என்றால் (கடிகாரம் பார்க்க வேண்டாம், குத்துமதிப்பாக) எழுந்து வெளியே வந்துவிடுங்கள். மங்கலான விளக்கில் சுவாரசியமே இல்லாத ஒரு வேலை. நான் சின்ன வெங்காயம் உரித்தேன். மறுநாள் சாம்பாருக்கு ஆச்சு, போன் பிடிக்கக் கையில் ஈரம், அரைக் கிலோ முடிவதற்குள் தலை தொங்கும். சொக்கினால் திரும்பப் போய்ப் படுங்கள். மறுபடி வரவில்லையா, மறுபடி எழுந்திருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், பகல் தூக்கம் கூடாது. முதல் நாலைந்து நாள் நரகம், அதை மறைக்க மாட்டேன்.

"எழுந்து போக எங்க வீட்ல இன்னொரு ரூம் எங்க இருக்கு?" என்று என் நண்பன் கேட்டான். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீடு அவனுடையது, நியாயமான கேள்வி. ஆனால் பாயில் படுக்கிறவர்களுக்குக் கட்டில்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு, பாயைச் சுருட்டிவிட்டால் படுக்கையே கிடையாது. பகலில் பாய் மூலையில் நிற்கட்டும், அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடவோ போன் பார்க்கவோ வேண்டாம், சொக்கும்போது மட்டும் விரியுங்கள். தூக்கம் வரவில்லை என்றால் தன் பாயை மட்டும் சுருட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான் அவன். அதுவே போதுமாக இருந்தது.

இதே கோளாறுக்கு இன்னும் சில சில்லறைக் காரணங்கள் உண்டு. காபி. அதில் உள்ள காஃபீன் பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். நாலு மணிக்கு ஒரு டபரா காபி குடித்தால் ஒன்பது மணிக்கு அரை டபரா உள்ளே இருக்கிறது, விடியற்காலை இரண்டு மணிக்குக் கால் டபரா. ஊரடங்கில் வீட்டில் இருக்கிறோம் என்று நாளைக்கு ஐந்து தடவை போட்டுக் குடித்தோம். மதியத்தோடு நிறுத்துங்கள், டீக்கும் இதேதான். அப்புறம் சூடு. தூங்குவதற்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும், கத்திரியில் மாடித் தளம் ராத்திரி பத்து மணி வரை அனலடிக்கும். ஆறு மணிக்கே மொட்டை மாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி வைத்தால் கீழ் அறை குறையும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் தோலுக்கு ரத்தம் வந்து உள்சூடு வெளியேறும்.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கச் சொன்னார் மருத்துவர். கேட்டதும் சிரிப்பு வந்தது, கவலை என்ன ரேஷன் கடையா நேரம் வைத்துத் திறக்க? ஆனால் வேலை செய்தது. மாலை ஆறு மணிக்கு நோட்டில் கோடு போட்டு இடது பக்கம் பயம், வலது பக்கம் நாளைக்கு அதற்குச் செய்யக்கூடியது. 'அம்மாவுக்கு வந்துவிட்டால்' என்று இடது பக்கம் எழுதினால் வலது பக்கம் 'பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்கு வாங்கி வைக்க, எந்த ஆஸ்பத்திரி என்று இப்போதே விசாரிக்க'. சிலவற்றுக்கு வலது பக்கம் காலியாகவே இருக்கும், அது அப்படியே இருக்கட்டும். ராத்திரி அதே பயம் வந்தால், நோட்டில் இருக்கிறது, நாளை ஆறு மணிக்குப் பார்க்கலாம் என்று சொல்ல முடிந்தது.

போனை வேறு அறையில் வையுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். சித்தப்பா ஐசியூவில் இருக்கும்போது யாரால் முடியும்? அழைப்பு வந்தால் மணி அடிக்கட்டும், அதை மட்டும் முழுச் சத்தத்தில் விட்டு, வாட்ஸப் இணையம் எல்லாம் அணைத்து, போனை சமையலறை மேடையில் வைத்தோம். அவசரம் என்றால் யாரும் ஃபார்வர்டு அனுப்ப மாட்டார்கள், கூப்பிடுவார்கள்.

"தூங்கிடறேன், ரெண்டு மணிக்கு டாண்ணு முழிப்பு"

தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாருமே லேசாக மேலே வந்துவிட்டு மறுபடி முங்குகிறோம், காலையில் நினைவிருக்காது. ஆக நடுவில் முழிப்பது கோளாறு இல்லை, முழித்ததும் நாம் செய்கிற கணக்குதான் கோளாறு. "மணி 2.10, இப்போ தூங்கினாக்கூட நாலு மணி நேரம்தான்." அந்தக் கணக்குப் போட்ட நிமிடம் மூளை ஆபீசுக்குப் போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றுங்கள் அல்லது திருப்பி மாட்டுங்கள். அவ்வளவு சின்ன விஷயம், எனக்குப் பாதிக் குணம் அதில்தான்.

மிச்சக் காரணங்கள்: படுக்கும் முன் குடித்த ஒரு சொம்பு கஷாயம் (எந்தக் கஷாயமானாலும் சொம்பு நிறையக் குடித்தால் சொம்பு நிறைய வெளியே வரும்), சர்க்கரை, இரண்டு பெக். சாராயம் படுத்ததும் அமுக்கிவிடும், அது உடம்பில் கரைந்து முடிகிற பின்னிரவில் எழுப்பிவிடும். ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு எனக்குத் தெரிந்து ஒரே மருந்து, லொடலொட என்று ஓடுகிற பழைய டேபிள் ஃபேன். புது ஏசி வைத்திருக்கிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

"நாலு மணிக்கே முழிச்சுடறேன், எழுந்திருக்கவும் மனசில்ல"

விடியலுக்கு வெகு முன்பே முழிப்பு, அதோடு நெஞ்சில் கல் வைத்த மாதிரி பாரம், பசி இல்லை, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, இரண்டு வாரமாக இப்படியே என்றால் இது பெரும்பாலும் மனச்சோர்வு, வெங்காயம் உரித்துச் சரியாகிற விஷயம் இல்லை. அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல், கவச உடுப்புக்காரர்கள் இறக்கியதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, சடங்குக்கு 20 பேர் என்று எண்ணி அனுப்பிய வீடுகள் எத்தனை. அழ வேண்டிய நேரத்தில் அழ முடியாமல் போனது அப்புறம் விடிகாலையில் வரும். மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச ஆள் வேண்டும் என்றால் 104, அல்லது 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் அன்றைக்கே பேசுங்கள்.

"ராத்திரி மூணுக்குப் படுத்து மத்தியானம் எழுந்திருக்கான்"

கல்லூரி மாணவர்கள், அமெரிக்க நேரத்தில் வேலை பார்ப்பவர்கள். தூக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, இடம் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் தம்பி மகன் ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினான், ராத்திரி முழுக்க விளையாட்டு. "சீக்கிரம் படுடா" என்று கத்திப் பயனில்லை, வராத தூக்கத்தை வரவழைக்க முடியாது. எழுகிற நேரத்தைப் பிடித்து இழுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் எழுப்புங்கள், எழுந்ததும் அரை மணி நேரம் வெயில் படுகிற இடத்தில். தெருவில் போக விடாத நாளில் மாடியில் வற்றல் காயப்போடுகிற வேலையை அவனிடம் கொடுத்தோம். மூளையின் உள்கடிகாரத்தைத் திருத்துவது காலை வெளிச்சம்தான், டியூப்லைட் அதற்குப் போதாது. ராத்திரி வெளிச்சம் எதிர்ப்பக்கம் தள்ளும்.

"ஒன்பது மணி நேரம் தூங்கறேன், அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு"

நோய் வந்து போனவர்களின் புகார் இது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சில வாரம் அசதி இருப்பது வழக்கம், கோவிட்டில் சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது. கொஞ்சம் நன்றாக இருக்கிற நாளில் வீட்டை ஒட்டடை அடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பாதியில் நிறுத்துங்கள். குறட்டை பலமாக, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறார் என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு, ஊரடங்கில் எடை போட்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. தைராய்டு, ரத்த அளவு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

தொற்றும் தூக்கமும் சேர்ந்து மூளையைக் காட்டிக்கொடுத்த பழைய கதை ஒன்று உண்டு. 1917இல் வியன்னாவில் கான்ஸ்டான்டின் வான் எகனாமோ என்ற மருத்துவர், மூளை வீங்கி வாரக்கணக்கில் தூங்கிக்கொண்டே இருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். சிலருக்கு அதே நோயில் தூக்கமே இல்லாமல் போனது. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்ததில் தூங்காதவர்களுக்கு மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியின் முன்பக்கமும், தூங்கி விழுந்தவர்களுக்கு அதன் பின்பக்கமும் கெட்டிருந்தது. தூங்க வைக்க ஓரிடம், முழிக்க வைக்க ஓரிடம் என்று ஊகிக்க வழி செய்தது அந்த நோய்தான். நம் கேஸ் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் நோய் தூக்கத்தைத் தொடுவது வெறும் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

"கண்ணை மூடினா கெட்ட கனவு"

நேரம் கழித்து எழ ஆரம்பித்ததும் கனவு அதிகமானதைப் பலர் கவனித்திருப்பீர்கள். கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம், அங்கே கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தால் கூடுதலாக ஒரு கனவு. ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் உட்கார்ந்து அதன் முடிவை நம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதி, தினம் பத்து நிமிடம் அந்தப் புது முடிவை மனதில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. மாஸ்க் இல்லாமல் கோயம்பேடு மார்க்கெட்டில் மாட்டிக்கொள்கிற கனவு என்னுடையது. நான் எழுதிய முடிவில் எல்லாரும் சேர்ந்து என்னை வெளியே அனுப்பக் கத்திரிக்காய் மூட்டையைத் தள்ளி வழி விட்டார்கள். அசட்டுத்தனம்தான், கனவு வருவது குறைந்தது.

"சரக்கு நின்னதிலிருந்து தூக்கம் இல்ல"

2020 மார்ச் 24 மாலையோடு டாஸ்மாக் மூடியது, மே மாதம்தான் திறந்தது, சென்னையில் ஆகஸ்ட் வரை ஆனது. தினம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதலில் போவது தூக்கம்தான். கை நடுக்கம், வியர்வை, இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பது, வலிப்பு என்று போனால் அது உயிருக்கு ஆபத்து, வீட்டில் வைத்துக் கட்டிப்போட்டுப் பார்க்கிற விஷயம் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

மாத்திரை

பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். அல்பிரசோலாம் வகை மாத்திரைகள் மூச்சை மட்டுப்படுத்தும், நுரையீரல் ஏற்கெனவே திணறும் நோயில் அது இரட்டை அடி. சில வாரம் தொடர்ந்தால் பழகியும் விடும், திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் போகும். சளி மாத்திரை போட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு, மறுநாள் பாதி வரை மந்தமாக இருப்பதும் வயதானவர்கள் தடுமாறி விழுவதும் அதன் கூலி. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன அளவு, சொன்ன நாள், அவ்வளவுதான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் மேலே சொன்ன மாதிரிப் பயிற்சிகளைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016லேயே பரிந்துரைத்துவிட்டது. இந்தப் பயிற்சிகளுக்கு சிபிடி-ஐ (தூக்கமின்மைக்கான அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை) என்று பெயர், மருத்துவரிடம் அப்படிக் கேட்டால் தெரியும்.

எல்லாம் செய்தும் மூன்று மாதமாக நகரவில்லையா?

வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதம் என்றால் நாள்பட்டது என்று அர்த்தம். எனக்கு வேலை செய்தது படுக்கை நேரத்தைச் சுருக்குவது. கேட்டால் எதிர்மாறாகத் தோன்றும். இரண்டு வாரம் குறித்துப் பார்த்ததில் பத்து மணி நேரம் கட்டிலில் கிடந்து ஐந்தரை மணி நேரம் தூங்கியிருந்தேன். அப்படியானால் கட்டிலுக்கு ஐந்தரை மணி நேரம் மட்டும், இரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்தரை வரை. பதினொன்றுக்கே தலை தொங்கினாலும் படுக்கக் கூடாது. மனைவி உட்கார வைத்துத் தாயம் ஆட வைத்தாள். முதல் வாரம் பகலில் நின்றபடியே தூங்கினேன். இரண்டாம் வாரம் படுத்ததும் கல் மாதிரி விழுந்தேன். கிடக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாக இருந்தால் அடுத்த வாரம் கால் மணி நேரம் கூட்டலாம், இப்படிக் கூட்டிக் கூட்டி ஐந்து வாரத்தில் பத்தே முக்காலுக்கு வந்தேன். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாரும் சுருக்கக் கூடாது. உடம்பில் நோய் இருக்கும்போது, வலிப்பு உள்ளவர்கள், மனம் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் போய்வரும் இருதுருவக் கோளாறு உள்ளவர்கள், லாரியோ மெஷினோ ஓட்டுகிறவர்கள் தாங்களாக இதைத் தொடவே வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது "தூக்கமே இல்ல டாக்டர்" என்று மட்டும் சொன்னால் இரண்டு நிமிடத்தில் ஒரு சீட்டோடு வெளியே வந்துவிடுவீர்கள். இரண்டு வாரக் குறிப்பைக் கையில் கொண்டுபோங்கள்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எத்தனை தடவை முழிப்பு, எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, மாத்திரை, குடி. காலையில் எழுந்த பிறகு குத்துமதிப்பாக எழுதினால் போதும், ராத்திரியில் பேனாவோடு உட்காராதீர்கள். எனக்கு அந்த நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் மருத்துவர் கேட்டது ஒரே கேள்விதான், "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எத்தனை காபி தம்பி?" மூன்று.

ஆக்சிமீட்டர் இப்போதும் பீரோவில் இருக்கிறது. அதன் இரண்டு பேட்டரியையும் மனைவி எடுத்து டிவி ரிமோட்டில் போட்டுவிட்டாள். வேண்டுமென்றால் ராத்திரியில் நான் பேட்டரி தேடி அலைய வேண்டும்.